உச்சி வேளையில் பாடியவள்

பயந்தால் சிலருக்கு வாய் அடைத்துப் போகும். இப்ராஹிமுக்கு வாய் திறந்துகொள்ளும். குடவாசலிலிருந்து கீழவாய்க்கரைக்கு வரும் வழியெல்லாம் காரில் பேசிக்கொண்டே வந்தான். வரப்பில் இறங்கி நடக்கத் தொடங்கியதும் பேச்சு இன்னும் கூடியது.

"பேய்னா ராத்திரி வரணும் சார். இது என்னடான்னா சாப்பாட்டு நேரத்துல வருது. பசிச்ச பேயா இருக்குமோ?"

"பேசாம நட. வழுக்கி விழுந்தா பேய்க்கு வேலை மிச்சம்" என்றார் இராஜாங்கம்.

இராஜாங்கம் போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கும்பகோணத்தில் ஒரு காபித்தூள் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். ஒல்லியான மனிதர். எதற்கும் அவசரப்படமாட்டார். இப்ராஹிம் அவருக்கு உதவியாளன். சினிமாப் பைத்தியம். இந்த வழக்கில் அவனை இழுத்துவிட்டதே அந்தப் பைத்தியம்தான். எல்லையம்மாள் என்ற பெண் முந்தின நாள் வந்து, தன் வயலில் ஒரு சினிமாப் பேயின் பாட்டுக் கேட்கிறது என்று அழுதபோது, "அந்தப் பேய்ப் படமா? நான் ரெண்டு தடவை பார்த்தேன் சார்" என்று இவன்தான் முந்திரிக்கொட்டையாகச் சொன்னான். இரண்டாம் தடவை பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போக நடுங்கி, கொட்டகை மணலிலேயே விடிய விடியப் படுத்துக் கிடந்ததை மட்டும் சொல்லவில்லை.

எல்லையம்மாள் முன்னால் நடந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள். மிராசுதார் கோவிந்தராசுவின் நிலத்தைப் புருஷன் காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் செய்கிறாள். குத்தகைக்குப் பயிரிடுகிறவர் பெயரைப் பதியும் புதுச் சட்டப்படி அதிகாரி நாளை மறுநாள் நேரில் வரப்போகிறார். வரப்பில் நின்று, இந்த நிலத்தைப் பயிரிடுவது யார் என்று அக்கம்பக்கத்தைக் கேட்பார். யார் நட்ட நடவு அங்கே நிற்கிறதோ அவர் பெயர்தான் பதிவாகும். அவள் நிலமோ பரம்படித்து, தண்ணீர் கட்டி, ஒரு நாற்றுக்கூட இல்லாமல் வெறுமனே பளபளத்துக்கொண்டிருந்தது.

"நாத்து முத்திப்போச்சுய்யா. இன்னும் ரெண்டு நாள் போனா கணு விட்டுடும், அப்புறம் நட்டாலும் தேறாது. நடவு ஆளுங்க ஒருத்தரும் எறங்க மாட்டேங்குறாங்க" என்றாள் எல்லையம்மாள்.

"எல்லாம் மிராசு வேலை சார்" என்றான் அவளுடன் வந்த சாமிதுரை. அவள் புருஷனின் தம்பி. விவசாயிகள் சங்கத்தில் முன்வரிசை ஆள். மேல்துண்டும் கணீரென்ற குரலும் அவனை எங்கும் காட்டிக்கொடுக்கும். "அண்ணிய நிலத்தை விட்டு வெரட்டணும். அடியாளை விட்டா சங்கம் சும்மா இருக்காது. அதான் பேயை விட்டிருக்கான்."

வரப்பின் கடைசியில், வாய்க்காலை ஒட்டி, நடவுக் கூட்டத்துக்குத் தலைவியான காத்தாயி ஆறேழு பெண்களோடு ஒதுங்கி நின்றிருந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தாழம்புதர் மண்டிக் கிடந்தது. புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியது. எங்கோ கல்யாண வீட்டு மைக் செட்டில் பிள்ளையார் பாட்டு லேசாகக் கேட்டது. சாமி பாட்டைக் கேட்டதும் இப்ராஹிமுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

"யாரு முதல்ல கேட்டது?" என்று இராஜாங்கம் காத்தாயியிடம் கேட்டார்.

"நாந்தான்யா. குனிஞ்சு நாத்து பறிச்சுக்கிட்டிருக்கேன். பொழுது உச்சிக்கு வந்துடுச்சு. அப்பதான்..."

அவள் முடிக்கவில்லை. பிள்ளையார் பாட்டு பாதியில் நின்றது. ஒரு கரகரப்பு. பிறகு தாழம்புதருக்குள்ளிருந்து ஒரு பெண் பாடினாள்.

*வாசல் விளக்கணையல்லே... வாராயோ மன்னவா...*

இப்ராஹிமின் முதுகுத்தண்டில் யாரோ பனிக்கட்டியைத் தேய்த்தார்கள். அதே பாட்டு. படத்தில் பாழடைந்த பங்களாவின் மாடிப்படியில் வெள்ளைச் சேலை இறங்கி வரும்போது வருமே, அதே பாட்டு. மூக்கால் பாடுவது போன்ற அந்தக் காலத்துக் குரல். இருபத்தைந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாண வீடுகளில் கேட்ட பாட்டு. கணவனுக்காக வாசலில் விளக்கேற்றிக் காத்திருக்கும் பெண்ணின் ஆசைப் பாட்டு. இந்த வெயிலில், ஆள் அரவமற்ற புதரிலிருந்து கேட்டபோது, அந்த மன்னவன் தான்தானோ என்று அவன் இராஜாங்கத்தின் பின்னால் ஒதுங்கினான்.

பெண்கள் 'ஆத்தா' என்று அலறிக்கொண்டு ஓடினார்கள். காத்தாயி விழுந்து எழுந்து ஓடினாள். எல்லையம்மாள் மட்டும் நின்றாள். ஆனால் அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் இப்ராஹிமுக்குக் கேட்டது.

"சார், நாமளும்..."

"ஷ்" என்றார் இராஜாங்கம். கண்ணை மூடிக் கச்சேரி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. காக்கைகூடக் கத்தவில்லை. இராஜாங்கம் மூங்கில் பாலத்தை நோக்கி ஓரடி வைத்ததும் சாமிதுரை குறுக்கே வந்தான்.

"வேணாம் சார். அந்தப் புதர்ல நல்லபாம்பு குடியிருக்கு. போன வருஷம் தாழம்பூ பறிக்கப் போன ஆளை வீட்டுக்குத் தூக்கிட்டுத்தான் வந்தோம்."

"அண்ணன் சொல்றது ரொம்ப நியாயம்" என்றான் இப்ராஹிம் அவசரமாக. "பேயையும் பாம்பையும் ஒரே நாள்ல பார்க்க வேணாம் சார்."

இராஜாங்கம் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார். இப்ராஹிமுக்கு உயிர் வந்தது.

பெண்கள் ஊருக்குள் ஆலமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இராஜாங்கம் காத்தாயியிடம் மறுபடியும் போனார்.

"பாட்டுக்கு முன்னாடி என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கலைங்க. எங்கேயோ கல்யாண வீட்டுல பிள்ளையார் பாட்டு போட்டாங்க. அவ்வளவுதான்."

"தினமும் அப்படித்தானா?"

காத்தாயி யோசித்தாள். "ஆமாங்க. தினமும் அது கேக்கும், அப்புறம் இவ பாடுவா."

"இப்ராஹிம், இது என்ன மாசம்?"

"புரட்டாசி சார்."

"புரட்டாசியில எந்த ஊர்ல கல்யாணம்?"

இப்ராஹிம் அப்போதுதான் யோசித்தான். புரட்டாசியில் யார் தாலி கட்டுகிறார்கள்? இந்தப் பக்கத்தில் பெண் பார்க்கக்கூடப் போகமாட்டார்களே.

"அப்ப அந்தப் பிள்ளையார் பாட்டும்..."

"பேய் போட்டதுதான். பிள்ளையாரைக் கும்பிட்டுட்டுப் பயமுறுத்த ஆரம்பிக்கிற பேயை நீ எந்தப் படத்துலயாவது பார்த்தியா?"

"இல்ல சார். ஆனா பக்தியுள்ள பேய்னா கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்."

"பேய் இல்லடா. மைக் செட்காரன். எந்த விசேஷமானாலும் அவன் முதல்ல பிள்ளையார் இசைத்தட்டைத்தான் போடுவான். அப்புறம்தான் மத்தது. கை பழகிப்போச்சு. திருட்டுத்தனமா பேய்ப் பாட்டுப் போட வந்த இடத்துலயும் சத்தத்தைக் குறைச்சு ஒரு வரி போட்டுட்டுத்தான் அவனுக்கு மனசு ஆறியிருக்கு."

குடவாசல் கடைத்தெருவில் பழைய தட்டுகளுக்குப் பேர்போன அமிர்தலிங்கத்தின் மைக் செட் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வாசலில் இரண்டு பெரிய குழாய் ஒலிபெருக்கிகள் தெருவைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. உள்ளே அலமாரி நிறைய இசைத்தட்டுகள். இப்ராஹிம் உள்ளே நுழைந்ததுமே துழாவினான். பழைய தட்டுகளின் வரிசையில் ஓர் உறை மட்டும் வெறுமையாக இருந்தது. மேலே அந்தப் பாட்டின் பெயர்.

"சார்!" என்று கத்தினான். "மாட்டிக்கிட்டாரு!"

அமிர்தலிங்கம் கறுப்புச் சட்டைக்காரர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி அவனைப் பார்த்தார். "யாரு தம்பி மாட்டிக்கிட்டது?"

இராஜாங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தத் தட்டு எங்கங்க?"

"கலியபெருமாள் இரவல் வாங்கிட்டுப் போயிருக்கான். கீழத்தெருவுல அவனும் மைக் செட் வச்சிருக்கான். எடுத்துட்டுப் போகட்டும், நான் அதை இனிமே எங்க போடறது?" அமிர்தலிங்கத்தின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "எத்தனை கல்யாணத்துல போட்டிருக்கேன் தெரியுமா? பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் வரும்போது இதைப் போட்டா கிழவிங்க கண்ணைத் துடைச்சுப்பாங்க. போன மாசம் ஒரு வீட்டுல போட்டேன். பொண்ணு மயக்கம் போட்டு விழுந்துருச்சு. அடிக்க வந்துட்டாங்க. ஒரே ஒரு படம் ஒரு நல்ல பாட்டைக் கொன்னுப்புட்டுதுங்க."

"புதுப் பாட்டா இருந்தா இவ்வளவு பயம் வராது" என்றார் இராஜாங்கம். "பாடினவங்க போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. குரலுக்கு மட்டும் வயசாகலை. நம்ம வீட்டு நல்ல நாள்ல கேட்ட குரல். அது ஆளில்லாத இடத்துல நின்னு கூப்பிட்டா யாருக்குத்தான் நடுங்காது?"

இப்ராஹிமுக்கு மறுபடியும் குளிர்ந்தது. 'இவர் ஆறுதல் சொல்கிறாரா, கூடப் பயமுறுத்துகிறாரா?' என்று நினைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்குறேன். நீங்க முதல் தட்டா எதைப் போடுவீங்க?"

"இயக்கப் பாட்டுதான். பிள்ளையார் தட்டு என் கடையிலேயே கிடையாது. அதனாலதான் ஒரு கோயில் திருவிழாவும் என் பக்கம் எட்டிப் பார்க்காது. ஆட்சி நம்மளோடதுதான். ஆனா மாரியம்மனுக்கு அது தெரியலையே!" என்று அமிர்தலிங்கம் தன் வியாபாரத்தைப் பார்த்துத் தானே சிரித்தார்.

தெருவில் இறங்கியதும் இப்ராஹிம் தலையைச் சொறிந்தான். "தட்டு இவர்கிட்ட இருந்து போயிருக்கு, ஆனா பேய் இவர் இல்ல. பகுத்தறிவு நம்ம ஆளைக் காப்பாத்திடுச்சு சார்."

கலியபெருமாள் அன்று அகப்படவில்லை. மறுநாள் காலையில்தான் கடையைத் திறந்தான். நெற்றி நிறைய விபூதி, காதில் பூ. ஆளைப் பார்த்தால் எறும்பை மிதிக்கக்கூட யோசிப்பவன் போலிருந்தான். இராஜாங்கம் வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை.

"வீட்டுல ஒரு விசேஷம் வருது. உங்க செட்டு எப்படிப் பாடுதுன்னு பார்க்கலாமா? ஏதாவது ஒரு பழைய சினிமாப் பாட்டுப் போடுங்க."

கலியபெருமாள் மேசைமேல் இருந்த பழைய பாட்டுப் பெட்டியைத் திறந்தான். அலமாரிக்குக் கை போனது. எடுத்தது சினிமாத் தட்டு அல்ல. சத்தத்தைக் குறைத்து வைத்தான். பிள்ளையார் பாட்டில் ஒரு வரி லேசாக ஓடியது. ஊசியைத் தூக்கினான். பிறகுதான் ஒரு சினிமாத் தட்டை எடுத்தான்.

"நேத்து உச்சியில தாழம்புதர்லயும் இப்படித்தான் பாதியில தூக்கினீங்க" என்றார் இராஜாங்கம் மெதுவாக.

கலியபெருமாளின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உடைந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கை கேக்கலை சார். பிள்ளையாரைத் தொடாம ஊசி வச்சா அன்னிக்கு ஏதாச்சும் ஆயிடும்னு பயம். தப்பு வேலை செய்யப் போறோம், அவராவது மன்னிக்கட்டும்னு..."

"யாரு செய்யச் சொன்னது? மிராசுதாரா?"

கலியபெருமாள் தெருவைப் பார்த்தான். "இங்க வச்சு வேணாம் சார். பேரைச் சொன்னேன்னு தெரிஞ்சா கடையை நொறுக்கிடுவாங்க. அந்தம்மாகிட்டயே சொல்லிடுறேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

கீழவாய்க்கரைக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரையும் வரப்பில் கூட்டிவைக்கும்படி இராஜாங்கம் முந்தின நாளே சாமிதுரையிடம் சொல்லியிருந்தார். அவனும் குறைவில்லாமல் கூட்டியிருந்தான். காத்தாயியின் பெண்கள் வயலிலிருந்து எட்டத்தில் நின்றார்கள். ஒருத்தி வேப்பிலையை இடுப்பில் செருகியிருந்தாள். காரிலிருந்து கலியபெருமாள் இறங்குவதைப் பார்த்த சாமிதுரை, "மேலத்தெரு ஆளுங்களையும் கூட்டிட்டு வந்துடுறேன்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனான்.

"பேயும் இல்லை, பிசாசும் இல்லைம்மா" என்று இராஜாங்கம் தொடங்கினார். "பாடினது இசைத்தட்டு. போட்டது இவரு. இவர் வாயாலயே கேளுங்க."

கலியபெருமாள் கையெடுத்துக் கும்பிட்டான். "என்னை மன்னிச்சுடுங்க தாயி. நாந்தான் போட்டேன். என்னைப் போடச் சொன்னது..."

*வாசல் விளக்கணையல்லே...*

தாழம்புதருக்குள்ளிருந்து வந்தது. முந்தின நாளைவிடச் சத்தமாக வந்தது.

இப்ராஹிம் கலியபெருமாளைத் திரும்பிப் பார்த்தான். போட்டவன் இங்கே நிற்கிறான். அங்கே யார் பாடுவது? பெண்கள் வரப்பென்றும் சேறென்றும் பார்க்காமல் சிதறினார்கள். காத்தாயி எல்லையம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். கலியபெருமாள் கும்பிட்ட கையோடு கத்தினான். "நான் இல்ல சார்! முருகா, நான் இங்கதானே இருக்கேன்!"

எல்லையம்மாள் மெல்ல மடங்கி வரப்பில் உட்கார்ந்தாள். "போச்சுய்யா. இனிமே யாரு எறங்குவா? நாளைக்கு அதிகாரி வந்து வெறும் தண்ணியைத்தான் பார்ப்பாரு." அவள் நாற்றங்காலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இராஜாங்கம் இப்ராஹிமின் தோளை அழுத்தினார். "கேட்டியா?"

"காது நல்லா இருக்கு சார், கால்தான் இல்லை."

"இன்னிக்குப் பிள்ளையார் வரலைடா. எடுத்த எடுப்புல இவ வந்துட்டா. தொழில் தெரியாத கை." பிறகு கலியபெருமாளின் பக்கம் திரும்பினார். "உன் செட்டை எங்க வச்சிருக்கே?"

"புதருக்குள்ளேயேதான் சார். தினமும் ஊரு வழியா தூக்கிட்டு வந்தா தெரிஞ்சுடும்னு அங்கயே பேட்டரியோட தார்ப்பாயில மூடி..."

"இப்ராஹிம், பாட்டு முடியறதுக்குள்ள போ. மூணு நிமிஷத் தட்டுதான். நான் அந்தப் பக்கத்து வழியை மறிக்கிறேன்."

"நானா சார்? பாம்பு..."

"பாம்பு இருக்குன்னு சொன்னது யாரு? யோசிச்சுக்கிட்டே ஓடு."

இப்ராஹிம் ஓடினான். மூங்கில் பாலம் காலுக்குக் கீழே ஆடியது. படத்தில் இந்த இடத்தில்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. தெரிந்த எல்லாச் சாமிகளையும், தன் மார்க்கம் எதுவென்று பார்க்காமல், வரிசையாகக் கூப்பிட்டான். தாழை மடல்கள் கையைக் கிழித்தன. ஒவ்வொரு அடிக்கும் குரல் பெரிதாகியது. இப்போது அது காதுக்குள்ளேயே பாடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசி மடலைத் தள்ளினான். எதிலோ மோதினான். அது சூடாக இருந்தது. மூச்சு விட்டது.

இப்ராஹிம் வீறிட்டான். அதுவும் வீறிட்டது.

கண்ணைத் திறந்தபோது எதிரே பேட்டரியும் குழாயும், சுழலும் தட்டும், ஊசியின்மேல் கையை வைத்துக்கொண்டு சாமிதுரையும் இருந்தார்கள். சாமிதுரை திரும்பி ஓட, மறுபக்கம் இராஜாங்கம் வெற்றிலை வாங்க வந்தவர்போல நின்றுகொண்டிருந்தார்.

வரப்புக்கு அழைத்து வந்தபோது பாட்டு ஓய்ந்திருந்தது. ஓடிய பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து எட்டி நின்று பார்த்தார்கள். கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டு, "இவருதாங்க" என்றான். அதற்கு இனி அவசியம் இருக்கவில்லை.

"பேராவூரணியிலேருந்து சாயங்காலம் லாரியில நடவு ஆள் வரச் சொல்லியிருக்கீங்க, அப்படித்தானே?" என்று இராஜாங்கம் கேட்டார். "காலையில குடவாசல் டீக்கடையில பேசிக்கிட்டாங்க. வெளியூர் ஆளுக்கு இந்தப் பேய்க் கதை தெரியாது. ஒரே மூச்சுல நட்டு முடிச்சா, நாளைக்கு அதிகாரி வரும்போது இது உங்க நடவு. உங்க பேருதான் பதியும். மிராசுதார் மேல பழி."

சாமிதுரையின் கணீர்க் குரல் எங்கோ போய்விட்டது. "அண்ணி, நான் குடும்பத்துக்காகத்தான்... பொம்பளை பேருல பதிஞ்சா மிராசு ஏமாத்தி எழுதி வாங்கிடுவான். என் பேருல இருந்தா சங்கம் இருக்கு. உங்களுக்கு நான் சோறு போடாமயா விட்டுடுவேன்?"

எல்லையம்மாள் அவனையே பார்த்தாள். கோபம் வரும் என்று இப்ராஹிம் எதிர்பார்த்தான். அவள் முகத்தில் இருந்தது பயம். பாட்டைக் கேட்டபோது இருந்ததைவிடப் பெரிய பயம்.

"பேய் வந்த நாளா என் வாசப்படியில காவலுக்குப் படுத்தியே தம்பி. நீ இருக்கேன்னுதான் நான் கண்ணையே மூடினேன்."

காத்தாயி அவள் முதுகில் கை வைத்தாள்.

"போலீஸுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்று இராஜாங்கம் கேட்டார்.

"வேணாங்கய்யா." எல்லையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டினாள். இன்னமும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாற்று முடியை எடுத்துக்கொண்டு சேற்றில் காலை வைத்தாள். காத்தாயி தாழம்புதரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவளும் இறங்கினாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

எல்லையம்மாள் குனியுமுன் நிமிர்ந்து வரப்பைப் பார்த்தாள்.

"நாளைக்கு அதிகாரி வருவாரு. இவரு எங்கேயும் போகாம இங்கேயே நிக்கட்டும். சங்கத்துல முன்ன நிக்கிறவரு சொன்னா ஊரு நம்பும். இந்த நிலத்தை யாரு பயிர் பண்றதுன்னு அதிகாரி கேக்கையில, இவரு வாயாலயே சொல்லட்டும்."